காலாவதியான சொற்கள்: நுகர்வோர் சட்டத்தின் மொழியை ஏன் புதுப்பிக்க வேண்டும்?

மதுரை செல்லூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறார். இணையத்தில் அவர் வாங்கிய கிரைண்டரின் மோட்டார் மூன்றாம் மாதமே நின்றுபோனது. உத்தரவாதக் காலம் இருந்தும், விற்ற நிறுவனம் எந்தப் பதிலும் தரவில்லை. நுகர்வோர் புகார் மனு ஒன்றைத் தயாரிப்பதற்காக, அவருடன் நான் ஒரு டைப்பிங் கடைக்குச் சென்றிருந்தேன். கடைக்காரர் தம் கணினியில் வைத்திருந்த பழைய மனுவைத் திறந்து, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி அச்சிட்டுத் தந்தார். அதன் தலைப்பில் "மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றம் முன்பாக" என்றும், அதற்குக் கீழே "1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 12இன்படி" என்றும் இருந்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. அந்தப் பெயரில் மன்றமும் இல்லை. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தபின், மன்றம் ஆணையமாகிவிட்டது. புகார் மனுவுக்கு உரிய பிரிவும் 35 ஆகிவிட்டது.

"பேரைத் தப்பாப் போட்டா என் மனுவை வாங்க மாட்டாங்களா தம்பி?" என்று அக்கா கேட்டார். சிறிய கேள்விதான். ஆனால் சட்டத்தின் மொழியைப் புதுப்பிப்பது என்றால் என்ன, அதை யார் எப்படிச் செய்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், தவறாகச் செய்தால் என்ன ஆகும் என்ற எல்லாக் கேள்விகளும் அதற்குள் இருக்கின்றன. சட்டம் படிக்காதவர்களுக்காக அவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் எந்தச் சொல்லைக் காலாவதியான சொல் என்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு சொல் வயதானது என்பதாலேயே காலாவதி ஆவதில்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மல்லிகைச் சரம் இன்றும் முழக் கணக்கில்தான் விற்கிறது. பூக்காரம்மா சரத்தின் ஒரு நுனியை விரல்களுக்கிடையில் பிடித்து, முழங்கை வரை இழுத்து, "ஒரு முழம்" என்று அளந்து தருகிறார். சட்டமுறை எடையளவுச் சட்டப்படி நீளத்துக்கு அலகு மீட்டர்தான். முழத்துக்கு அங்கே இடமில்லை. ஆயினும் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அந்தச் சொல் என்ன சொல்கிறது என்பதில் ஐயமே இல்லை. ஆகவே பேச்சில் முழம் உயிருள்ள சொல். சட்டத்தில் காலாவதியான சொல் என்பது இதற்கு நேர் எதிரானது: ஏட்டில் அதிகாரத்தோடு நிற்கும், ஆனால் அது சுட்டிய பொருளோ, அமைப்போ, நடைமுறையோ வெளியே இல்லாமல் போயிருக்கும், அல்லது வேறொன்றாக மாறியிருக்கும்.

இதற்கு நுகர்வோர் சட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தரலாம். எதிர்தரப்பினருக்கு நோட்டீசு எந்த வழிகளில் அனுப்பலாம் என்று சொல்லும் 28ஏ பிரிவு, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. பதிவுத் தபால், விரைவுத் தபால், கூரியர் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ஆவணங்களை அனுப்பும் பிற வழிகளும் செல்லும் என்று கூறிய அந்தப் பிரிவு, அடைப்புக்குறிக்குள் "ஃபேக்ஸ் செய்தி உட்பட" என்று எழுதியிருந்தது. அன்று ஃபேக்ஸ் நவீனமான கருவி. அதைச் சேர்த்தவர்கள் காலத்தோடு நடந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சில ஆண்டுகளிலேயே மின்னஞ்சல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஃபேக்ஸ் எந்திரம் இருந்த அலுவலகங்களிலும் அது மூலையில் தூசி படிந்து கிடந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவில் அந்தச் சொல் நீக்கப்பட்டு, "மின்னணு வழி உட்பட" என்ற தொடர் வந்தது.

இந்த மாற்றத்தை ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் என்று மட்டும் பார்த்தால் போதாது. ஃபேக்ஸ் என்பது ஒரு கருவியின் பெயர். மின்னணு வழி என்பது ஒரு வகையின் பெயர். கருவி சந்தையை விட்டுப் போகும்போது அதன் பெயரும் பொருளற்றதாகிவிடும். வகையைச் சொன்னால், நாளை எந்தப் புதிய கருவி வந்தாலும் சட்டத்தைத் திருத்தாமலே அது உள்ளே அடங்கிவிடும். சட்டம் எழுதுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

அதே 65ஆம் பிரிவு இன்னொன்றையும் காட்டுகிறது. ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால் என்ற சொற்கள் அதில் இன்றும் முதல் வழியாக நிற்கின்றன. நம் வீடுகளில் அந்த இளஞ்சிவப்பு ஒப்புகை அட்டை திரும்பி வந்தால்தான் நோட்டீசு போய்ச் சேர்ந்ததாகப் பெரியவர்கள் நம்புவார்கள். ஆனால் இந்திய அஞ்சல் துறை 2025ஆம் ஆண்டில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலுடன் இணைத்துவிட்டது. தனிச் சேவையாகப் பதிவுத் தபால் இருந்த காலம் முடிந்துவிட்டது. இதனால் நோட்டீசு அனுப்ப முடியாமல் போகவில்லை. விரைவுத் தபாலும் மின்னணு வழியும் அதே பிரிவில் இருப்பதால் வழி அடைபடவில்லை. இருந்தாலும், ஐந்தாறு ஆண்டுகளே ஆன சட்டத்தின் ஒரு சொல் இவ்வளவு விரைவில் பழையதாகிவிட்டது என்பதிலிருந்து, மொழியைப் புதுப்பிப்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை அல்ல என்பது விளங்கும்.

இனி, காலாவதியான சொல் உண்மையில் மக்களின் உரிமையைத் தடுத்த நிகழ்வைப் பார்ப்போம். 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தில் 7பி என்று ஒரு பிரிவு இருந்தது. தந்திக் கம்பியோ கருவியோ தொடர்பாக, தந்தி அதிகாரிக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையே தகராறு எழுந்தால், அதை நடுவர் ஒருவர் தீர்த்துவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொலைபேசியும் "தந்தி" என்ற அந்தச் சொல்லுக்குள்தான் அடங்கியது. 2009ஆம் ஆண்டில் தொலைபேசிக் கட்டணம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தந்திச் சட்டத்தில் இப்படித் தனி வழி இருப்பதால், இத்தகைய தகராறை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வீட்டுத் தொலைபேசிக்குத் தவறான பில் வந்தவரும், கைபேசி இணைப்பைக் காரணமின்றித் துண்டிக்கப்பெற்றவரும், நுகர்வோர் மன்றத்தின் வாசலில் "தந்தி" என்ற சொல்லால் திருப்பி அனுப்பப்பட்டனர். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. தந்தி போனபின்பும் தந்தி என்ற சொல் நுகர்வோரைத் தடுத்துக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

2022 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் இதைச் சரிசெய்தது. நுகர்வோர் சட்டம் தரும் நிவாரணம் பிற சட்டங்கள் தரும் வழிகளுக்குக் கூடுதலானது என்றும், தந்திச் சட்டத்தில் நடுவர் முறை இருப்பதாலேயே நுகர்வோரின் வழி அடைபடாது என்றும் நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் தொலைத்தொடர்பு நிறுவனம் வைத்த இன்னொரு வாதத்தையும் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம், சேவை என்ற சொல்லின் வரையறையில் தொலைத்தொடர்பு என்பதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. அப்படியானால், முன்பு அந்தச் சேவை சட்டத்துக்கு உட்படவில்லை என்றுதானே பொருள் என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பழைய வரையறையே எல்லாச் சேவைகளையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிவானது. புதிய சொல் தெளிவுக்காகச் சேர்க்கப்பட்டதே தவிர, இல்லாத ஒன்றைக் கொண்டுவரவில்லை என்றது.

சொற்களைச் சீர்செய்ய விரும்பும் எல்லோரும் இந்த வாதத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தெளிவுக்காக ஒரு சொல்லைச் சேர்த்தாலும், "இதற்கு முன்பு அது இல்லை என்றுதானே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று கேட்பவர் ஒருவர் நிச்சயம் வருவார். ஆகவே நல்ல சட்ட வரைவாளர், சொல்லை மாற்றும்போது, இது விளக்கத்துக்காகவா, புதிய விதிக்காகவா என்பதைச் சட்டத்திலேயே சொல்லிவிடுவார். பின்னர், தந்திச் சட்டத்தின் இடத்தில் வைப்பதற்காக 2023ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்கும் பயனரின் உரிமை பாதிக்கப்படாது என்று அதிலேயே எழுதப்பட்டது. நூற்றாண்டைக் கடந்த சொல்லால் பட்ட காயத்துக்கு அந்த ஒரு வாக்கியம் மருந்தானது.

ஒரு சட்டம் தன் சொல்லின் பொருளை இன்னொரு சட்டத்திடம் கடன் வாங்குவதும் பழமைக்கு வழிவகுக்கும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வந்தபோது, முறையற்ற வணிக நடைமுறை என்றால் என்ன என்பதைத் தானே சொல்லாமல், ஏகபோக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டி நிறுத்திக்கொண்டது. பொய் விளம்பரத்தால் ஏமாந்தவர், தமக்கு உரிமை உண்டா என்று அறிய இரண்டு சட்டங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. 1993ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வரையறையை நுகர்வோர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அது நல்ல காலத்தில் நடந்தது. ஏனென்றால் 1969ஆம் ஆண்டுச் சட்டமே 2009ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது.

அப்படியானால், பழைய சட்டத்தைச் சுட்டும் எண்ணற்ற விதிகளும் அறிவிப்புகளும் ஒப்பந்தங்களும் சட்டம் மாறிய மறுநாளே செல்லாமல் போய்விடுமா? போகாது. இதற்கென்றே 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் இருக்கிறது. அதன் 8ஆம் பிரிவின்படி, ஒரு சட்டம் நீக்கப்பட்டு அதன் இடத்தில் மற்றொன்று இயற்றப்பட்டால், பழையதைச் சுட்டும் சொற்களை, வேறு நோக்கம் தெரியாதவரை, புதியதைச் சுட்டுவதாகவே படிக்க வேண்டும். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஆண்பால் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும் என்கிறது.

அந்த 13ஆம் பிரிவு செல்லூர் அக்காவுக்கு நேரடியாகவே தேவைப்பட்டது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது விதி. மாவு விற்பவர் வாங்கிய கிரைண்டர் வணிக நோக்கம்தானே என்று எதிர்தரப்பு கேட்கலாம். அதற்குச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது: சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது. ஆங்கில மூலத்தில் அந்த "ஒருவர்", ஆண்பால் சொல்லில்தான் எழுதப்பட்டிருக்கிறார். 2019இல் புதிதாக எழுதிய சட்டத்திலும் அது மாறவில்லை. பொதுக் கூறுகள் சட்டம் இருப்பதால் அக்காவின் உரிமைக்குக் குறை இல்லை. ஆனாலும், தையல் தைத்தும் மாவு அரைத்தும் குடும்பம் நடத்தும் பெண்கள் இத்தனை பேர் வாழும் ஊரில் இருந்துகொண்டு அந்த வரியைப் படிக்கும்போது, அடுத்த திருத்தத்திலாவது அதை மாற்ற வேண்டும் என்றே தோன்றுகிறது.

சில சொற்கள் மாறும்போது விதியும் சேர்ந்து மாறும். முன்பு, எதிர்தரப்பினர் குடியிருக்கும் இடம், தொழில் நடத்தும் இடம், கிளை அலுவலகம் உள்ள இடம், அல்லது வழக்குக்கான காரணம் எழுந்த இடம் ஆகியவற்றை வைத்தே எந்த மாவட்டத்தில் புகார் செய்யலாம் என்பது முடிவானது. கடைக்கு நேரில் போய் வாங்கிய காலத்தின் மொழி அது. விளக்குத்தூண் பக்கம் துணி வாங்கினால் கடை மதுரையில், வாங்கியவர் மதுரையில், காரணமும் மதுரையில், சிக்கலே இல்லை. இணையத்தில் வாங்கியபோதோ, நிறுவனத்துக்கு மதுரையில் கிளையே கிடையாது. காரணம் எந்த ஊரில் எழுந்தது என்பதே தனி வழக்காக மாறியது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் செய்யலாம் என்று சேர்த்துவிட்டது. வாங்குதல் என்பதில் இணையவழி, தொலைக்காட்சிவழி, நேரடி விற்பனை எல்லாம் அடங்கும் என்றும் அதே சட்டம் தெளிவாக்கியது. நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், அக்கா செல்லூரிலிருந்து பேருந்து ஏறி மதுரையிலேயே மனு கொடுக்கலாம். சட்டத்தின் மொழியைப் புதுப்பித்ததால் சாதாரண மனிதருக்குக் கிடைத்த பயன்களில் இதுவே மிகப் பெரியது என்பது என் எண்ணம்.

எண்களும் சொற்களைப் போலவே பழசாகும். மாவட்ட அளவில் விசாரிக்கக்கூடிய தொகை, 1986இல் 1 லட்சம் ரூபாய்க்குள் இருந்தது. 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 5 லட்சமும், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 20 லட்சமும் ஆனது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை 1 கோடி ஆக்கியது. கூடவே, கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை விட்டுவிட்டு, பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணத்தை மட்டும் அளவாகக் கொண்டது. ஆனால் அந்தப் பிரிவே, மத்திய அரசு விதி மூலம் வேறு தொகையைக் குறிக்கலாம் என்றும் சொல்கிறது. அதன்படி 2021 டிசம்பரில் வந்த விதிகள், மாவட்ட ஆணையத்தின் வரம்பை 50 லட்சம் என்று குறைத்தன. சட்டப் புத்தகத்தை மட்டும் திறந்து பார்ப்பவர் 1 கோடி என்று படிப்பார். நடைமுறையில் இருப்பது 50 லட்சம். ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்துக்குப் போகாமல் எண்ணை மாற்ற இந்த ஏற்பாடு உதவுகிறது என்பது உண்மையே. ஆனால் சட்டத்தைத் தாமே படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் குடிமகனை அது தவறான எண்ணோடு வீட்டுக்கு அனுப்புகிறது. விதியையும் பிரிவையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வெளியிட்டால், இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

பழைய சொல்லை நீக்கினாலும், அந்தச் சொல்லின் கீழ் தொடங்கிய வழக்குகளை அந்தரத்தில் விடக் கூடாது. புதிய சட்டம் வந்தபோது, ஏற்கெனவே நிலுவையில் இருந்த வழக்குகளைப் புதிய தொகை வரம்பின்படி வேறு அமைப்புக்கு மாற்ற வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 2020 ஜூலை 20க்கு முன் தொடுத்த வழக்குகள் பழைய சட்டப்படி எங்கே தொடுக்கப்பட்டனவோ அங்கேயே நடக்கும் என்று முடிவு செய்தது. பல ஆண்டுகள் அலைந்தவரை மறுபடி முதல் வரிசையில் நிற்கவைக்காத தீர்ப்பு அது. ஆகவே பழைய சட்டத்தின் பெயர் தாங்கிய தாள்கள் இன்னும் சில காலம் புழக்கத்தில் இருக்கும். அவை எல்லாமே பிழையானவை என்று எண்ணிவிடக் கூடாது.

தமிழில் இந்த வேலைக்கு இன்னொரு படியும் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே புகார்தாரர் தம் வழக்கைத் தாமே நடத்தலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. மக்கள் தாமே வந்து கேட்க வேண்டும் என்று எண்ணி அமைத்த இடத்தில், மனுவின் மொழி மட்டும் "மேற்படி எதிர்மனுதாரரின் ஷை நிறுவனத்தாரால்" என்று நின்றால், எழுதியவருக்கே தம் மனு விளங்காது. "நான் வாங்கிய கிரைண்டர் மூன்றாம் மாதம் பழுதானது, இரண்டு முறை கடிதம் எழுதியும் நிறுவனம் சரிசெய்து தரவில்லை" என்று எழுதினால் போதும், அதற்குச் சட்டத்தில் உள்ள பெயர்கள் பொருளின் பழுது, சேவைக் குறைபாடு என்பவை. நிகழ்ந்த நாள், கொடுத்த தொகை, கேட்கும் நிவாரணம் ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். நடப்பில் உள்ள சட்டத்தின் ஆங்கில வாசகமும், எந்தச் சொல் எந்த ஆண்டில் மாறியது என்ற அடிக்குறிப்புகளும், இந்தியா கோட் என்ற அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அக்காவின் கேள்விக்கு அந்தக் கடையிலேயே பதில் சொன்னேன். பெயர் தவறாக இருந்தாலும் உரிமை போய்விடாது அக்கா, ஆனால் திருத்திக் கொண்டுவரச் சொன்னால் உங்களுக்கு ஒரு நாள் வியாபாரம் போகும் என்றேன். அந்த ஒரு நாளின் மதிப்பு அவருக்குத்தான் தெரியும்; உடனே "மாத்திருங்க தம்பி" என்றார். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. மன்றம் என்பதை ஆணையம் என்றும், 1986 என்பதை 2019 என்றும், 12 என்பதை 35 என்றும் மாற்றி, புதிதாக அச்சிட்டுத் தந்தார். பிறகு, கணினியில் இருந்த அந்தப் பழைய மாதிரி மனுவையும் திறந்து, அதே மூன்று இடங்களையும் அதில் திருத்திச் சேமித்துக்கொண்டார்.